பெர்னடீன் ரௌட்டியோவின் மெலிந்த கோப்பு

அந்த ஆண்டு பதவி உயர்வு கேட்டு மூன்று பேர் கோப்பு கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருடையவை பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மூன்றாவதை வெண்டெல் ஹார்யூ ஒரே கையில் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டார். மறுகையில் காப்பிக் குவளை அப்படியே இருந்தது.

மொத்தம் முப்பத்தெட்டுப் பக்கம். மேலட்டையில் சின்னச் சின்ன எழுத்தில், “பெர்னடீன் ரௌட்டியோ, இணைப் பேராசிரியர், உயிரியல். பேராசிரியர் நிலைக்கு விண்ணப்பம்” என்று எழுதியிருந்தது. இணைப் பேராசிரியராகி அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை காலம் கேட்காதவர் இப்போது கேட்கிறார்.

ஏன் கேட்கிறார் என்பது சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சிறிய கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார். பேராசிரியராக ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் கல்லூரியில் ஓர் அறை நிலைக்கும், ஆயுள் முழுக்க. இணைப் பேராசிரியர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பெர்னடீனுக்கு அந்த அறை வேண்டும். கோப்பின் முதல் பக்கத்திலேயே அதை எழுதியிருந்தார்: “எனக்கு நுண்ணோக்கி வைக்க ஓரிடம் தேவைப்படுகிறது.” பதவி உயர்வு கேட்கும் கோப்பில் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் எழுதமாட்டார்கள். வெண்டெல் அதை இரண்டு முறை படித்தார்.

வெண்டெல் புள்ளியியல் சொல்லித் தருபவர். ஐந்து பேர் கொண்ட பதவி உயர்வுக் குழுவுக்குத் தலைவர். அந்தக் குழு எந்த விதிப்புத்தகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறதோ, அதன் பெரும்பகுதியைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதியவரும் அவர்தான். அதற்கு முன்பெல்லாம் விதி என்று பெரிதாக எதுவும் இல்லை. கல்லூரித் தலைவரோடு உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன் பிடிக்கப் போன ஒருவர் அடுத்த வசந்தத்துக்குள் பேராசிரியரான கதையை இன்றும் சொல்வார்கள். அந்தக் கோபத்தில்தான் வெண்டெல் உட்கார்ந்து எழுதினார். கற்பித்தல், ஆராய்ச்சி, சேவை என்று மூன்று தலைப்புகள். பேராசிரியர் ஆக வேண்டுமானால், ஆராய்ச்சியில் கல்லூரிக்கு வெளியே உள்ள அறிஞர்கள் மதிக்கும் பங்களிப்பு இருக்க வேண்டும். சக அறிஞர்கள் ஆய்ந்து ஏற்ற மூன்று வெளியீடுகளாவது இருக்க வேண்டும்.

அந்த இடத்தில் “அல்லது அதற்கு ஈடான பணி” என்று நான்கு சொற்களைச் சேர்க்கச் சொன்னவர் செவிலியர் கல்வித் துறையின் காலீன் பூஷாம். வெண்டெல் அன்று கடுமையாக எதிர்த்தார். ஓட்டை விட்டால் எலி நுழையும் என்றார். வாக்கெடுப்பில் தோற்றார். ஆனால் பதினோரு ஆண்டுகளில் ஒருவர்கூட அந்த நான்கு சொற்களைப் பயன்படுத்தவில்லை.

பெர்னடீனும் பயன்படுத்தவில்லை. ஆராய்ச்சி என்ற தலைப்பின் கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “1987இல் ஒரு குறிப்பு, இரண்டு பக்கம். 1988இல் அதில் இருந்த பிழைக்கு ஒரு திருத்தம், அரைப் பக்கம்.”

குழுவின் முதல் கூட்டத்தில் நார்ம் சால்மெலா அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். நார்ம் வேதியியல்காரர். வெண்டெலுக்கு இருபது ஆண்டுப் பழக்கம்.

“இதைப் பாரு வெண்டெல். ஒரு குறிப்பு. அதுவும் தப்பு. அப்புறம் அந்தத் தப்பைத் திருத்தி இன்னொரு குறிப்பு. ரெண்டையும் கூட்டினா என்ன வரும்? பூஜ்யம்!”

“அவங்களே தப்பை ஒத்துக்கிட்டு அச்சுல போட்டிருக்காங்கப்பா. நீ எப்பவாவது போட்டிருக்கியா?” என்றார் காலீன்.

“நான் தப்பே பண்ணலையே.”

“ஆமா, உன் வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டாத் தெரியும்.”

இசைத் துறைக்காரரும் வரலாற்றுத் துறைக்காரரும் சிரித்தார்கள். காலீன் கொண்டுவந்திருந்த ஏலக்காய் ரொட்டி மேசையைச் சுற்றி வந்தது. நார்ம் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். ஆனால் விடவில்லை.

“சிரிக்காதீங்க. என்னை ஒரு தடவை இதே குழு திருப்பி அனுப்புச்சு. ரெண்டு கட்டுரைதான் இருக்கு, மூணாவது எங்கேன்னு கேட்டீங்க. அந்த மூணாவதுக்கு எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. ஆறு வருஷம்! எனக்காக யாரும் விதியை வளைக்கல. நான் கேக்கவும் இல்ல.”

நார்மைத் திருப்பி அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் வெண்டெல். நார்ம் சொல்வதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பெர்னடீனின் கற்பித்தலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாக, செவிலியர் மாணவர்களுக்கான அடிப்படை உயிரியலைப் பருவத்துக்கு நான்கு வகுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் எடுக்க விரும்பாத வகுப்பு அது. சேவை என்ற தலைப்பில் நூலகக் குழு, வண்டி நிறுத்துமிடக் குழு என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “பாசி அனுப்பிக் கேட்பவர்களுக்குப் பெயர் பார்த்துச் சொல்லித் திருப்பி அனுப்புவது.”

அந்த வரியை யாரும் நின்று படிக்கவில்லை. வெண்டெலும்தான்.

ஆனால் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பெர்னடீன் இரண்டு செருப்புப் பெட்டிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அஞ்சல் நிலையத்துக்கு நடந்து போவதை அவர் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார். தபாலில் செருப்பு வாங்கிப் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிறார் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அவர் பாதத்துக்கு ஏற்ற செருப்பு அமெரிக்காவிலேயே இல்லை போலும் என்று வெண்டெலும் ஒரு முறை சிரித்திருக்கிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி வெண்டெலுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகள். தங்கை எல்மாவோடு சர்ச்சுக்குப் பின்னால் குடியிருக்கிறார். கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காருவார். கேட்டால் மட்டும் பேசுவார்.

விதிப்படி வெளியாட்கள் நால்வரிடம் கருத்துக் கேட்க வேண்டும். இருவரை விண்ணப்பித்தவர் சொல்லலாம். இருவரைக் குழு தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்களுடைய கடிதங்கள் வந்ததும் கோப்பில் சேர்ந்துவிடும். வேறு எதையும், ஒரு தாளைக்கூட, கடைசி நாளுக்குப் பிறகு சேர்க்க முடியாது. விண்ணப்பித்தவரைக் கூப்பிட்டு “இதைக் கொஞ்சம் விளக்கி எழுதுங்க” என்று சொல்லவும் கூடாது. அதுவும் வெண்டெல் எழுதிய விதிதான்.

பிப்ரவரியில் கடிதங்கள் வந்தன. வெளியே மூன்று நாளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலீன் முதல் கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். அலாஸ்காவிலிருந்து, குழுவே தேடிக் கண்டுபிடித்த ஒருவர் எழுதியது.

“பெர்னடீன் ரௌட்டியோவைப் பேராசிரியர் ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இருபது ஆண்டுகளாகப் பேராசிரியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அலுவலகத்தில் ஏதோ எழுத்துப் பிழை நடந்திருக்கிறது என நம்புகிறேன்.”

இசைத் துறைக்காரர் ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

பாறையிலும் மரப்பட்டையிலும் சதுப்பிலும் படரும் பச்சைப் பாசிகளைத் தாள் உறையில் மடித்துச் சேகரிப்பு நிலையங்களில் வைக்கிறார்கள் என்பதும், உறைமேல் எழுதிய பெயர் சரியா என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கண்டத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதும் அந்தக் கடிதத்தில் இருந்து அவர்களுக்குத் தெரியவந்தது. சந்தேகம் என்றால் அவரிடம்தான் அனுப்புவோம் என்று எழுதியிருந்தார் அலாஸ்காக்காரர். இரண்டாவது கடிதம், சதுப்புப் பாசிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஒருவருடையது. அந்த நூலில் இருந்த பெயர்களில் இருநூற்றுப் பன்னிரண்டைச் சரிபார்த்தவர் பெர்னடீன். நூலில் தன் பெயரையும் போடுவதாகச் சொன்னபோது, “எழுதியது நீங்கள்தானே” என்று பதில் போட்டாராம். மூன்றாவது கடிதமும் அதே போலத்தான்.

நான்காவது கடிதக்காரர் கோபத்தோடு ஆரம்பித்திருந்தார். “என் முனைவர் பட்ட ஆய்வு முழுதும் ஒரு பாசியின் மேல் நின்றது. அதை அவருக்கு அனுப்பினேன். நான் சொன்ன பாசி அது இல்லை என்று நான்கு வரியில் திருப்பி அனுப்பினார். ஓராண்டு அவரை வெறுத்தேன். பிறகு நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது சரி. இன்று எனக்குக் கிடைத்திருக்கும் நற்பெயர் அந்த நான்கு வரியில் இருந்து தொடங்கியது.”

படித்து முடித்ததும் நார்ம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“எல்லாம் சரி. ஆனா இதெல்லாம் புகழ்ச்சி. புகழ யார் வேணா புகழலாம். நீ புள்ளியியல்காரன்தானே வெண்டெல்? உன் வகுப்புல ஒரு பையன் நாலு கடிதத்தைக் கொண்டாந்து காட்டினா, நிரூபிச்சிட்டேன்னு ஒத்துக்குவியா?”

“ஒத்துக்க மாட்டேன்” என்றார் வெண்டெல்.

“அப்புறம்?”

“போய்ப் பாப்பேன்.”

கோப்பில் சொன்னது உண்மையா என்று குழு சரிபார்க்கலாம்; அதற்கு விதி இடம் கொடுத்தது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை விடியும் முன்பே வெண்டெல் காரை எடுத்தார். பக்கத்து இருக்கையில் காகிதப் பையில் சுருட்டிய, இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றும், குலுக்கல் முறையில் எடுத்த எண்களின் பட்டியல் ஒன்றும் இருந்தன. ஏரிகளின் குறுக்கே போகும் நீண்ட பாலத்தைத் தாண்டித் தெற்கே ஆறு மணி நேரம். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் தாவரச் சேகரிப்பு நிலையம். அதைப் பார்த்துக்கொள்ளும் மார்சியா ஹூக்ஸ்ட்ரா விடுமுறை நாளில் அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

“பெர்னடீன் பாசி உறைமேல ஒட்டின சீட்டைப் பாக்கணும்னு போன்ல சொன்னீங்க. எந்த அலமாரின்னு சொல்லுங்க, எடுத்துத் தரேன்.”

“அவங்க சீட்டு இருக்கிற அலமாரியை நீங்க காட்டக் கூடாது. போன்ல சொன்ன கணக்கை மறுபடி சொல்லுங்க, இங்க மொத்தம் எத்தனை பாசி உறை இருக்கு?”

“எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல.”

“இந்த அறுபது எண்ணையும் எடுங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுத்த எண்கள்.”

மார்சியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “போலீஸ்காரர் மாதிரி வந்திருக்கீங்களே. அந்தம்மா என்ன கொலையா பண்ணாங்க?”

“பதவி உயர்வு கேட்டிருக்காங்க.”

“ஓ, அப்ப கொலையே தேவலை.”

கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நின்றன. மார்சியா ஒவ்வோர் எண்ணாகத் தேடி உறையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். உள்ளங்கை அளவு பழுப்புத் தாள் உறைகள். உள்ளே ஒரு சிட்டிகை காய்ந்த பச்சை. உறைமேல் எடுத்தவர் பெயர், எடுத்த இடம், நாள். அதன்கீழே, பின்னால் வந்து பார்த்தவர்கள் ஒட்டிய சிறு சீட்டுகள்.

முதல் ஐந்து உறையில் ஒன்றும் இல்லை. ஆறாவதில் அந்தச் சின்ன எழுத்து இருந்தது. “பார்த்தேன். பெயர் சரி. பெ. ரௌ., 1991.” எட்டாவதில் மறுபடி. “இது அதுவல்ல, இது” என்று வேறொரு பெயர். பதினொன்றில் ஒன்று. கிரீன்லாந்தில் எடுத்த பாசி, ஜப்பானில் எடுத்த பாசி, 1874இல் யாரோ ஒரு பாதிரியார் எடுத்த பாசி. எங்கே திறந்தாலும் எறும்பு ஊர்ந்தது போன்ற அந்தக் கையெழுத்து. செவிலியர் மாணவர்களுக்குப் பருவத்துக்கு நான்கு வகுப்பு எடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்திவிட்டு, வண்டி நிறுத்துமிடக் குழுவில் உட்கார்ந்துவிட்டு வந்த கை.

அறுபதில் பதினேழு. வெண்டெல் தாளில் கணக்குப் போட்டார். ஏறக்குறைய இருபதாயிரம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தன் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வதை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டார்: நம்ப முடியவில்லையென்றால் மறுபடி எடு. மறுபடி அறுபது எண்கள் எடுத்தார். பதினெட்டு வந்தது.

“இது இங்க மட்டும்” என்றார் மார்சியா. “இதே மாதிரி இன்னும் ஏழெட்டு நிலையத்துக்குப் பாத்துக் கொடுக்கிறாங்க. நாங்க பெட்டியில போட்டு அனுப்புவோம். வெள்ளிக்கிழமை தபால்ல திரும்பி வரும். ஒரு வெள்ளி தவறுனதில்ல.”

வெண்டெல் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: “இதுல எது தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“இருங்க” என்று சொல்லி மார்சியா இரண்டாவது பட்டியலில் இருந்த ஓர் உறையைத் தனியே நகர்த்தினார். அதில் மூன்று சீட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தன. மூன்றிலும் ஒரே கை. 1988 சீட்டில் ஒரு பெயர். 1996 சீட்டில், “1988இல் நான் சொன்னது தவறு” என்று வேறொரு பெயர். 2007 சீட்டில் இப்படி இருந்தது: “இரண்டு முறையும் தவறினேன். இதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். இதே இடத்தில் இன்னொரு கைப்பிடிப் பாசி கிடைக்கும்வரை எதுவும் எழுத வேண்டாம்.”

“பழைய சீட்டைக் கிழிச்சுட மாட்டீங்களா?”

“எங்க தொழில்ல அது கூடாது. தப்பும் அங்கேயே இருக்கணும், எல்லாரும் பாக்கிற மாதிரி. மத்தவங்க தங்களோட தப்பை அடுத்தவங்க வந்து திருத்தட்டும்னு விட்டுடுவாங்க. இவங்க பத்து வருஷம் கழிச்சும் உறையைத் திருப்பிக் கேட்டு வாங்கி, தானே ஒட்டி அனுப்புவாங்க.”

“புதுப் பாசின்னா, கண்டுபிடிச்சவங்கன்னு இவங்க பேரை ஊருக்கெல்லாம் சொல்லலாமே?”

“சொல்லலாம். அவங்களுக்கு இன்னொரு கைப்பிடி வேணுமாம்.”

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று காரை உலுக்கியது. வாங்கிவந்த பணியாரம் சாப்பிடாமலே குளிர்ந்து கிடந்தது. வெண்டெல் மூன்று வெளியீடுகள் என்று தான் எழுதிய வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். நல்ல வாக்கியம்தான். மீன் பிடிக்கப் போனவரைத் தடுத்திருக்கும். ஆனால் அதை எழுதும்போது இப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று அவருடைய கற்பனைக்கு எட்டவே இல்லை. அதுவும் இரண்டு கட்டடம் தள்ளி.

வாக்கெடுப்பு நாளன்று அவர் கண்டதைக் கண்டபடி அறிக்கையாக வாசித்தார். பதினேழு, பதினெட்டு, இருபதாயிரம். ஏற்கெனவே கோப்பில் இருந்த ஒரு வரியைச் சரிபார்த்ததாக மட்டும் எழுதியிருந்தார். புகழ்ந்து ஒரு சொல் இல்லை. வாசிக்கும்போது ஓரிடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

நார்ம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நீ பாத்த சீட்டுல எத்தனை தப்பு?”

“முப்பத்தஞ்சு உறையில ஆறு இடத்துல அவங்க சொன்ன பெயரைத் திருத்தியிருக்கு. ஆறையும் திருத்தினது அவங்களே. வேற யாரும் அவங்களைத் திருத்தின சீட்டு ஒண்ணுகூட என் கண்ணுல படல.”

நார்ம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேதியியல்ல இது நடக்காது” என்று முணுமுணுத்தார். பிறகு, “எனக்கு ஆறு வருஷம் ஆச்சு” என்றார். முதல் கூட்டத்தில் இருந்த சூடு அதில் இல்லை, ஆனாலும் சொன்னார்.

“தெரியும் நார்ம்” என்றார் வெண்டெல். “உனக்கு நாங்க செஞ்சது விதிப்படி சரி. இதுவும் விதிப்படிதான். ‘அல்லது அதற்கு ஈடான பணி’ன்னு இருக்கு. அந்த நாலு சொல்லை நான் வேண்டாம்னு சண்டை போட்டவன். காலீன் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. கூட்டக் குறிப்புல அப்படியே எழுதிக்குங்க.”

காலீன் எழுதிக்கொண்டார். நிறைவேற ஐந்துக்கு நான்கு வாக்கு வேண்டும். மடித்த தாள்கள் தட்டில் விழுந்தன. வெண்டெல் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆம். ஆம். ஆம். நான்காவது தாளில் எதுவும் எழுதவில்லை, வெற்றுத்தாள். ஐந்தாவதைப் பிரித்தார்.

ஆம்.

வெற்றுத்தாளைப் போட்டது யார் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் கல்லூரித் தலைவரின் கையெழுத்தோடு கடிதம் போனது. அதற்குப் பிறகுதான் குழுவில் இருப்பவர்கள் விண்ணப்பித்தவரோடு அதைப் பற்றிப் பேசலாம். வெண்டெல் அன்று மதியமே உயிரியல் கட்டடத்துக்கு நடந்தார். அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு அவர் இதற்கு முன் வந்ததே இல்லை.

பெர்னடீன் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் செருப்புப் பெட்டிகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஊர்ப் பெயர்.

“வாங்க ஹார்யூ. கடிதம் வந்துச்சு. எந்த அறைன்னு அதுல போடல.”

“இதே அறைதான்.”

“இதேவா? சரி, அப்ப நல்லது. இதையெல்லாம் தூக்க வேண்டாம்.” அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான். மற்றொரு நாற்காலியில் இருந்த பெட்டியை எடுத்துக் கீழே வைத்து, உட்காரச் சொன்னார்.

வெண்டெல் உட்காரவில்லை. இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டார்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும். இந்தப் பாசி வேலையை ஏன் சேவைன்னு போட்டீங்க? ஆராய்ச்சிங்கிற பக்கத்துல எழுதியிருந்தா, நாங்க முதல் நாளே நின்னு படிச்சிருப்போம். நூலிழையில தப்பிச்சீங்க.”

பெர்னடீனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது.

“ஆராய்ச்சின்னா நம்ம மனசுல வர்ற கேள்விக்குப் பதில் தேடறது. அப்படி எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்துச்சு, எண்பத்தேழுல. அதுலயும் தப்புப் பண்ணிட்டேன். இது அப்படி இல்லையே. இது மத்தவங்க அனுப்பற கேள்வி. அதை எப்படி என்னோட ஆராய்ச்சின்னு எழுதறது?”

சொல்லிவிட்டு, வெண்டெல் ஏதாவது விதி சொல்வார் என்பது போல அவர் முகத்தைப் பார்த்தார். விதிப்புத்தகம் எழுதியவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பெட்டிகளில் இருந்த ஊர்ப் பெயர்களில் பாதியை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றார் பெர்னடீன், சற்றுக் கூச்சத்தோடு. “நாலரைக்குள்ள இந்த ரெண்டு பெட்டியையும் முடிக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல இல்ல, நீங்க பாருங்க.”

அவர் கண்ணை நுண்ணோக்கியில் வைத்தார். வெண்டெல் கதவருகே நின்றார். பெர்னடீன் வெகுநேரம் அசையாமல் பார்த்தார். தட்டைச் சற்றே திருப்பி மறுபடி பார்த்தார். பிறகு ஒரு சிறு சீட்டை எடுத்து எழுதி, பசை தடவி ஒட்டி, அடுத்த உறையைப் பிரித்தார். வெண்டெலுக்கு இரண்டு மணிக்கு வகுப்பு இருந்தது. மணி இரண்டேகால் ஆகும்வரை அது அவர் நினைவுக்கு வரவில்லை.